432 கோடி ரெக்கார்டு, இரவு முழுக்க ஓடும் டெலீட்: லாக் டேபிளைத் தேதி வாரியாகப் பிரிக்கலாமா?

குறுமிளகு:

வணக்கம். கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் பேக்எண்ட் வேலை. டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ் 15 பயன்படுத்துகிறோம். எங்கள் ஏபிஐக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரே டேபிளில் பதிவாகிறது. யார், எப்போது, எந்த ஐபி, என்ன பதில் போனது, அப்புறம் ஒரு ஜேசன் மூட்டை. நாளுக்குச் சுமார் 2.4 கோடி ரெக்கார்டு.

முன்பு 30 நாள் மட்டுமே வைத்திருந்தோம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னிடமிருந்து வந்த உத்தரவு 180 நாள் லாக் கையில் இருக்க வேண்டும் என்றது. சரி என்று அந்த 30 என்ற எண்ணை 180 என்று மாற்றினோம். செய்த மாற்றம் அவ்வளவுதான், அன்றிலிருந்து பிடித்தது சனி.

இப்போது டேபிளும் இன்டெக்ஸும் சேர்ந்து 1.3 டெராபைட். இரவு 1 மணிக்குப் பழையதை அழிக்கும் டெலீட் தொடங்குகிறது, காலை 6.30 ஆகியும் முடிவதில்லை. ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல் சர்வர்) பின்தங்குகிறது. அழித்ததைத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்யூம் எப்போது பார்த்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு அழித்தும் டிஸ்க்கில் ஒரு ஜிபி கூடக் குறையவில்லை. இதற்கு நடுவில் ஒரு பயனரின் லாகைத் தேடும் திரையும் மெதுவாகிவிட்டது.

மேலாளர் எங்கோ படித்துவிட்டு வந்து "பார்ட்டிஷன் போட்டால் எல்லாம் பறக்கும்" என்கிறார். (பார்ட்டிஷன் என்றால் ஒரே டேபிளை உள்ளுக்குள் துண்டுகளாகப் பிரிப்பது.) பறக்குமா? நாள் வாரியாகவா, மாத வாரியாகவா? ஏற்கெனவே இருக்கும் 1.3 டெராபைட்டை சர்வீஸை நிறுத்தாமல் எப்படி மாற்றுவது?

ராக்கோழி:

முதலில் ஒன்று சொல்லுங்கள். ஐடி காலம் (column, டேபிளின் நெடுவரிசை) சிறிய எண் வகையான இன்ட்டா, பெரிய பிக்இன்ட்டா?

குறுமிளகு:

பிக்சீரியல்தான் அண்ணா, தானாகக் கூடும் பிக்இன்ட். அந்தச் சூடு வேறொரு டேபிளில் ஏற்கெனவே பட்டாகிவிட்டது.

ராக்கோழி:

நல்லது. இன்ட் என்றால் சுமார் 214 கோடியில் நின்றுவிடும், உங்கள் வேகத்துக்கு 90 நாள் கூடத் தாங்காது.

பழைய_டிபிஏ:

தம்பி, மேலாளரிடம் பறக்காது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் கெட்ட பெயர் உங்களுக்கு. லாக் டேபிளைத் தேதி வாரியாகப் பிரிப்பது பழையதைத் தூக்கிப் போடுவதற்காக. தேடுவது வேகமானால் அது உபரி லாபம், சில சமயம் அது நஷ்டமாகவும் முடியும்.

உங்கள் டெலீட் என்ன செய்கிறது என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸில் டெலீட் எதையும் அழிப்பதில்லை. "இது செத்துவிட்டது" என்று ஒவ்வொரு ரெக்கார்டின் தலையிலும் குறி வைத்துவிட்டுப் போகிறது. அந்தக் குறி ஒவ்வொன்றும் டபிள்யூஏஎல் எனும் மாற்றப் பதிவில் எழுதப்பட்டு ரெப்ளிகாவுக்கும் போக வேண்டும், அதனால்தான் அது மூச்சு வாங்குகிறது. பின்னால் வேக்யூம் வந்து ஒவ்வொரு இன்டெக்ஸையும் முழுக்க நடந்து பிணங்களைப் பொறுக்குகிறது. அப்படிக் காலியான இடம் அதே டேபிளின் அடுத்த ரெக்கார்டுகளுக்குப் போகும், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் திரும்பாது. கோப்பின் கடைசிப் பக்கங்கள் மொத்தமாகக் காலியானால் மட்டும் நுனியை வெட்டித் தரும். வேக்யூம் ஃபுல் ஓட்டினால் இடம் கிடைக்கும்தான். ஆனால் அது முடியும்வரை டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது, புதுப் பிரதி எழுதத் தனியாக இடமும் வேண்டும்.

ஒரு நாளுக்கு 2.4 கோடி உள்ளே, 2.4 கோடி வெளியே. வாங்கும் வேலையும் தள்ளும் வேலையும் சமம். தள்ளுவதுதான் உங்களைக் கொல்கிறது.

போகிக்குப் பழைய பாயை எரிக்கிறோம். கோரை கோரையாக உருவியா எரிக்கிறோம்? பாயோடு சுருட்டித்தானே போடுகிறோம். நாளுக்கு ஒரு பார்ட்டிஷன் இருந்தால், 181ஆவது நாளில் அந்த டேபிளை டிராப் செய்கிறீர்கள். கோப்பு போய்விடும், இடம் உடனே திரும்பும். வேக்யூமுக்கு அங்கே வேலையே இல்லை.

நாளா மாதமா என்பதும் இதிலிருந்தே வரும். மாதம் என்று வைத்தால் ஒவ்வொரு துண்டும் 200 ஜிபியைத் தாண்டும், கடைசி நாளுக்கும் 180 நாள் நிறையும்வரை முதல் நாளையும் சுமக்க வேண்டும். நாள் என்றால் துண்டு 7 ஜிபி சொச்சம், எண்ணிக்கை 200க்குள். உங்கள் அளவுக்கு நாள் சரி. நாளுக்கு 5 லட்சம் ரெக்கார்டு வருகிறவர் இதைப் படித்துவிட்டு நாள் வாரியாகப் பிரிக்க வேண்டாம், அவருக்கு மாதமே அதிகம்.

இன்னொன்று. லாக் என்று தமிழில் எழுதினால் பதிவேடா பூட்டா என்று எனக்கே குழம்புகிறது. இந்த இழையில் லாக் என்றால் பதிவேடு. மற்றதைப் பூட்டு என்றே எழுதுவோம்.

வெள்ளைப்பூண்டு:

லாகை ஏன் போஸ்ட்கிரெஸில் வைக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கிளிக்ஹவுஸ் டேட்டாபேஸ் இதற்கென்றே செய்தது. நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிப்பதால் உங்கள் ஜேசன் மூட்டை சுருங்கிப் பாதிக்கும் கீழே வரும். டிடிஎல் என்று ஒரு வரி எழுதினால் பழையது தானே உதிரும். அங்கேயும் மாத வாரியாகத்தான் பிரிப்பார்கள், நாள் வாரியாகப் பொடிப் பொடியாக்க வேண்டாம் என்பார்கள்.

குறுமிளகு:

புரிகிறது. ஆனால் நாங்கள் மூன்று பேர். இன்னொரு டேட்டாபேஸை யார் பார்த்துக்கொள்வது? மேலும் இந்த லாகை பயனர் டேபிளோடு ஜாயின் செய்து காட்டும் திரைகள் நான்கு இருக்கின்றன.

வெள்ளைப்பூண்டு:

மூன்று பேர் என்றால் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். நாளுக்கு 20 கோடி ஆகும்போது மறுபடி வாருங்கள்.

மைஎஸ்க்யூஎல்காரன்:

போஸ்ட்கிரெஸ் இழைக்குள் புகுந்ததற்கு மன்னிக்கவும். தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊர்க்காரர்களாக இருப்பார்கள், அவர்களுக்காக.

மைஎஸ்க்யூஎல்லில் இது 5.1 காலத்திலிருந்தே இருக்கிறது. ஜாபிக்ஸ் எனும் கண்காணிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஹிஸ்டரி டேபிள்களை இப்படித்தான் பிரித்து, அதன் ஹவுஸ்கீப்பர் டெலீட்டிலிருந்து தப்பிக்கிறார்கள். கவனிக்க வேண்டியவை சில. எந்த யுனீக் கீயாக இருந்தாலும், பிரைமரி கீயும் சேர்த்து, அதில் தேதிக் காலம் இருந்தே ஆக வேண்டும். பிரித்த இன்னோடிபி டேபிளில் ஃபாரின் கீ கிடையாது. டைம்ஸ்டாம்ப் வகைக் காலம் என்றால் யூனிக்ஸ்_டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷனை வைத்துத்தான் ரேஞ்ச் பிரிக்க முடியும், டேட்டைம் என்றால் டூ_டேஸ் போதும். தேதி நல் (null, மதிப்பே இல்லை) என்று வந்தால் அது சத்தமில்லாமல் மிகப் பழைய பார்ட்டிஷனில் போய் விழும், அதை டிராப் செய்யும்போது கூடவே போய்விடும்.

மேக்ஸ்வேல்யூ என்று கடைசியில் ஒரு தொட்டி வைப்பார்கள். புதுப் பார்ட்டிஷன் போட மறந்தால் எல்லாம் அதில் சேரும். மூன்று மாதம் கழித்து ரீஆர்கனைஸ் செய்து பிரிக்கப் போனால் அந்த மூன்று மாதத்தையும் உட்கார்ந்து நகல் எடுக்கும். அனுபவித்தவன் சொல்கிறேன்.

யாழ்தேவி:

போஸ்ட்கிரெஸிலும் பிரைமரி கீக்குள் தேதி வர வேண்டும் என்ற விதி இருக்கிறதுதானே? அப்போ ஐடி மட்டும் தனித்துவமாக இருக்கும் என்று டேட்டாபேஸ் உறுதி தராதே?

பழைய_டிபிஏ:

தராது அம்மா. ஒவ்வொரு துண்டுக்கும் தனி இன்டெக்ஸ், துண்டுகளுக்கு மேலே மொத்தமாகப் பார்க்கும் இன்டெக்ஸ் போஸ்ட்கிரெஸில் இல்லை. ஆரக்கிளில் குளோபல் இன்டெக்ஸ் உண்டு. 1997இல் 8ஆம் பதிப்பிலேயே பார்ட்டிஷன் கொண்டுவந்தவர்கள், 11ஜியில் புதுப் பார்ட்டிஷனைத் தானாகவே உருவாக்கும் இன்டர்வல் வசதியும் தந்தார்கள். அதற்கான விலையைக் கேட்டால்தான் நெஞ்சு அடைக்கும். போஸ்ட்கிரெஸ் 2017இல் 10ஆம் பதிப்பில்தான் ஒழுங்கான பார்ட்டிஷனுக்கு வந்தது. அதற்கு முன் இன்ஹெரிட்டன்ஸ், டிரிக்கர் என்று கட்டிக்கொண்டு மாரடித்தோம். இன்றைக்கும் நாளைய பார்ட்டிஷனை நீங்கள்தான் போட வேண்டும், அல்லது அதைத் தானாகச் செய்யும் பிஜி_பார்ட்மேன் வைக்க வேண்டும்.

லாக் டேபிளில் ஐடிக்கு பிரைமரி கீ எதற்கு? யாரும் அதைச் சுட்டவில்லை என்றால் சாதாரண இன்டெக்ஸ் போதும்.

ராக்கோழி:

நாளைய பார்ட்டிஷன் என்றதும் பழைய காயம் வலிக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடம். ஆடிட் லாக் மாத வாரியாகப் பிரிந்திருந்தது. முதல் ஆறு பார்ட்டிஷன்களை ஒருவர் தன் லேப்டாப்பில் டிபீவர் எனும் டேட்டாபேஸ் கருவியைத் திறந்து கையால் போட்டார். எல்லையாக வெறும் தேதி மட்டும் எழுதினார், மாதத்தின் 1ஆம் தேதி, அவ்வளவுதான். அந்த நெடுவரிசை, நேர மண்டலத்தைக் கணக்கில் எடுக்கும் டைம்ஸ்டாம்ப்-டிஇசட் வகை. அதன்பின் அவரே குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் எழுதினார், அது சர்வரில் ஓடியது.

ஏழாவது மாதம் 1ஆம் தேதி, நள்ளிரவு 12 மணி. "இந்த ரெக்கார்டுக்குப் பார்ட்டிஷன் இல்லை" என்று எர்ரர் மழை. ஆடிட் இன்சர்ட் ஆர்டர் டிரான்ஸாக்‌ஷனுக்குள்ளேயே இருந்தது, அதனால் ஆர்டர்களும் சேர்ந்து விழுந்தன. எழுந்து பார்த்தால் புதிய மாதத்தின் பார்ட்டிஷன் கண்ணெதிரே இருக்கிறது. பெயர் சரி, இன்டெக்ஸ் சரி. எதைப் பார்த்தாலும் சரி. டேபிளைத் திட்டினேன், கனெக்‌ஷன் பூலை ரீஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. காலை 5.30க்கு எல்லாம் தானாகவே சரியானது. நான்தான் சரிசெய்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், கொஞ்ச நேரம் நானும் நினைத்தேன்.

5.30 என்ற எண்ணைக் கண்டதும் உங்களில் பாதிப்பேருக்குப் புரிந்திருக்கும். டிபீவர் ஜாவாவின் ஜேடிபிசி இணைப்பு வழியாகப் போகிறது, ஜேடிபிசி லேப்டாப்பின் நேர மண்டலத்தை செஷனுக்குக் கொடுக்கிறது. ஆகவே அவர் கையால் போட்ட பார்ட்டிஷன்கள் இந்திய நள்ளிரவில் முடிந்தன. சர்வர் கிரான் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடியது, அது போட்டது யூடிசி நள்ளிரவில், அதாவது நம் காலை 5.30க்குத் தொடங்கியது. நடுவில் ஐந்தரை மணி நேரம் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு.

திருப்பிப் போட்டிருந்தால் தப்பித்திருப்போம் என்பதுதான் எரிச்சல். யூடிசி முதலில், இந்திய நேரம் பிறகு என்றால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பார்ட்டிஷன் போடும்போதே "ஓவர்லாப்" என்று எர்ரர் வரும். இடைவெளி விழுந்தால் யாரும் எச்சரிப்பதில்லை.

எல்லையை எழுதும்போது யூடிசியைக் குறிக்கும் +00 சேர்த்தே எழுதுங்கள். பார்ட்டிஷன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், முந்தையதன் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் ஒரு சோதனையும் வையுங்கள்.

யாழ்தேவி:

நீங்கள் ஐந்தரை மணி நேரத்தோடு தப்பினீர்கள். எங்கள் இலங்கையில் 1996இல் மணிக்கூட்டை ஒரே வருடத்தில் இரண்டு தரம் மாற்றினார்கள், முதலில் யூடிசி+6.30, பிறகு +6. 2006 ஏப்ரலில் திரும்ப 5.30க்கே வந்தோம். உள்ளூர் நேரத்தில் எல்லை வைப்பதா என்று யாரும் கேட்டால் நான் இதைத்தான் சொல்வது. சேமிப்பது யூடிசியில், திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரம்.

குறுமிளகு:

ராக்கோழி அண்ணா, எந்தத் துண்டிலும் சேராததை வாங்கிக்கொள்ளும் டிஃபால்ட் பார்ட்டிஷன் ஒன்று இருந்திருந்தால் அன்று ஆர்டர் விழுந்திருக்காதே?

ராக்கோழி:

விழுந்திருக்காது. அதனால்தான் இப்போது எங்கே போனாலும் டிஃபால்ட் ஒன்று வைத்துவிடுகிறேன். அதில் ஒரு ரெக்கார்டு சேர்ந்தாலும் அலாரம்.

பழைய_டிபிஏ:

இதில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிஃபால்ட் இருந்தால், மற்ற வேலையை நிறுத்தாமல் ஒரு துண்டைக் கழற்றும் டிடாச் கன்கரன்ட்லி வேலை செய்யாது, போஸ்ட்கிரெஸே மறுக்கும். 14ஆம் பதிப்பில் வந்த மிக நல்ல வசதியை இதற்காக இழக்கிறீர்கள். புதுப் பார்ட்டிஷன் சேர்க்கும்போதெல்லாம் அதற்குரிய ரெக்கார்டு ஏதாவது டிஃபால்ட்டில் கிடக்கிறதா என்று அது வேறு பூட்டிப் பார்க்கும். காலியாக இருந்தால் நொடியில் முடியும். காலியாக இல்லாத நாளில்தான் உங்களுக்கு அவசரமே வரும். இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே பார்ட்டிஷன் போட்டு வைத்தால் டிஃபால்ட் எதற்கு?

ராக்கோழி:

முன்கூட்டிப் போடும் கிரானே தப்பாகப் போட்டால் சார்? போட்டதே.

பழைய_டிபிஏ:

அலாரம் கிரானுக்கு வையுங்கள்.

ராக்கோழி:

நீங்கள் டிடாச்சுக்காகப் பார்க்கிறீர்கள், நான் ஆர்டருக்காகப் பார்க்கிறேன். ஆகட்டும்.

வெண்டைக்காய்:

பிரிக்கவே வேண்டாம், நேரக் காலத்தில் பிரின் இன்டெக்ஸ் போட்டால் போதும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள். சரியா?

பழைய_டிபிஏ:

தேடுவதற்குச் சரி. லாக் நேர வரிசையிலேயே டிஸ்க்கில் விழுகிறது, 128 பக்கத்துக்கு ஒரு குறைந்த நேரம், ஒரு அதிக நேரம் என்று குறித்து வைத்தாலே போதும். இன்டெக்ஸ் சுண்டைக்காய் அளவுதான் வரும். ஆனால் டெலீட் வேதனை அப்படியே இருக்கும். மோசமாகக்கூட ஆகலாம். டெலீட் விட்ட ஓட்டைகளில் புது ரெக்கார்டு போய் உட்கார்ந்ததும் நேர வரிசை கலைந்து பிரின் மந்தமாகிவிடும்.

குறுமிளகு:

நாள் வாரி என்று முடிவு செய்துவிட்டோம். 1.3 டெராபைட்டை எப்படி நகர்த்துவது என்பது மட்டும் பாக்கி.

பழைய_டிபிஏ:

நகர்த்த வேண்டாம். பழைய டேபிளையே ஒரு பெரிய பார்ட்டிஷனாக மாட்டிவிடுங்கள்.

இன்னும் ஐந்து நாள் தள்ளி ஒரு யூடிசி நள்ளிரவைத் தேர்ந்தெடுங்கள். பழைய டேபிளில், நேரம் நல் இல்லை, நேரம் அந்த நள்ளிரவுக்கு முன் என்று ஒரு செக் நிபந்தனை போடுங்கள். போடும்போது பழைய ரெக்கார்டுகளை அப்போதே சோதிக்காதபடி நாட் வேலிட் என்று போட வேண்டும், பிறகு தனியாக வேலிடேட் ஓட்ட வேண்டும். வேலிடேட் மணிக்கணக்கில் ஓடும், ஆனால் இன்சர்ட்டை நிறுத்தாது. அது முடிந்ததும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் பழைய டேபிளின் பெயரை மாற்றி, அதே பெயரில் புதுத் தாய் டேபிள் உருவாக்கி, பழையதை மின்வேல்யூ (கீழ் எல்லை இல்லை என்று பொருள்) முதல் அந்த நள்ளிரவு வரை என்று அட்டாச் செய்யுங்கள். செக் இருப்பதால் 1.3 டெராபைட்டை அது மறுபடி படிக்காது. அந்த நள்ளிரவுக்குப் பிந்தைய நாள் துண்டுகளையும் அப்போதே போடுங்கள். ஐந்து நாள் பழைய டேபிளே வாங்கும், ஆறாவது நாள் ஆற்றுநீர் தானாகப் புது வாய்க்காலில் திரும்பும்.

சில பள்ளங்கள். தாயில் இன்டெக்ஸ் இருந்து அதற்கு இணையானது பழையதில் இல்லையென்றால் அட்டாச் நேரத்தில் கட்ட ஆரம்பிக்கும், பூட்டோடு. முன்பே கன்கரன்ட்லி கட்டி வையுங்கள். பூட்டுக்குக் காத்திருக்கும் வரம்பான லாக்_டைம்அவுட் (இந்த லாக் பூட்டுதான்) 2 வினாடி வையுங்கள். யாராவது ரிப்போர்ட் ஓட்டிக்கொண்டிருந்தால் உங்கள் கட்டளை அதன் பின்னால் நிற்கும், உங்கள் பின்னால் மொத்த அப்ளிகேஷனும் நிற்கும். தோற்றால் மறுபடி முயலலாம்.

அப்புறம் அந்த பிக்சீரியல். அதற்கு அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸுக்குச் சொந்தக்காரன் இன்னும் பழைய டேபிள்தான். ஓன்ட் பை போட்டுப் புது டேபிளுக்கு எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துப் பழையதை டிராப் செய்யும்போது தெரியும்.

தாய் டேபிளுக்கு, புள்ளிவிவரம் சேகரிக்கும் அனலைஸை ஆட்டோவேக்யூம் ஓட்டாது. வாரம் ஒருமுறை நீங்களே ஓட்டுங்கள்.

யாழ்தேவி:

ஒரு கணக்கு. பழைய டேபிள் 180 நாள் அப்படியே இருக்கும். அதே 180 நாளில் புதுத் துண்டுகள் இன்னொரு 1.3 டெராபைட்டுக்கு வளரும். டிஸ்க் இரட்டிப்பாக வேண்டுமே?

பழைய_டிபிஏ:

ஆமாம், வேண்டும். இதைச் சொல்ல விட்டுப்போனது, நன்றி. இரவு டெலீட்டை இன்றே நிறுத்திவிடலாம் என்பதுதான் அதற்குக் கிடைக்கும் பதில் மரியாதை.

குறுமிளகு (மூன்று வாரம் கழித்து):

முடிந்தது. வேலிடேட் மட்டும் மூன்றேகால் மணி நேரம். அட்டாச் இரண்டு முறை டைம்அவுட் ஆனது, இரண்டு முறையும் குற்றவாளி எங்கள் மேலாளரின் ரிப்போர்ட். மூன்றாவது முறை கண்ணிமைக்கும் நேரத்தில் போனது. டிஸ்க்கை 3 டெராபைட்டாக உயர்த்தினோம். இரவு 1 மணிக்கு இப்போது எதுவும் ஓடுவதில்லை.

ஆனால் பயனர் லாகைத் தேடும் திரை இன்னும் கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது, துண்டு கூடக் கூட மோசமாகிறது. க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டால் எல்லாத் துண்டுகளையும் தொடுகிறது. தேதி கொடுத்துத் தேடினாலும் அப்படியே.

ராக்கோழி:

க்வெரியில் நிபந்தனை எழுதும் வேர் (where) பகுதியைக் காட்டுங்கள். டேட் ஃபங்ஷனுக்குள் காலத்தைப் போட்டிருக்கிறீர்களா?

குறுமிளகு:

போட்டிருக்கிறோம். டேட்(நேரம்) இத்தனாம் தேதிக்குச் சமம் என்று.

ராக்கோழி:

அதுதான். காலத்தை ஃபங்ஷனுக்குள் பொதிந்தால் எந்தத் துண்டு என்று அதற்குத் தெரியாது, எல்லா வீட்டுக் கதவையும் தட்டும். இன்ன நேரம் முதல், மறுநாள் இன்ன நேரத்துக்கு முன் வரை என்று வெறும் காலத்தை வைத்து எழுதுங்கள். தேதியே கொடுக்காமல் தேடுகிறவர்களுக்கு மருந்து இல்லை. 180 துண்டு என்றால் 180 இன்டெக்ஸைத் தொட்டே ஆக வேண்டும்.

குறுமிளகு:

க்வெரியை மாற்றிவிட்டேன். தேதி தராதவர்களுக்குத் திரையில் கடைசி 7 நாள் என்று தானாக நிரப்பிவிட்டோம். இரண்டு பேர் புகார் சொன்னார்கள், மற்றவர்கள் கவனிக்கவே இல்லை.

குறுமிளகு (ஆறு மாதம் கழித்து):

இன்று பழைய டேபிளின் நாள். டிடாச் கன்கரன்ட்லி போட்டேன், அமைதியாகக் கழன்றது. (டிஃபால்ட் வைக்கவில்லை, ராக்கோழி அண்ணா மன்னிக்கவும்.) பிறகு டிராப் டேபிள் அடித்தேன். "வேறு பொருள்கள் இதைச் சார்ந்திருக்கின்றன" என்று எர்ரர். கீழே குறிப்பில், சார்ந்தவற்றையும் சேர்த்து அழிக்கும் கேஸ்கேட் போடச் சொல்கிறது.

பழைய_டிபிஏ:

போட்டீர்களா?

குறுமிளகு:

இல்லை சார். விரல் கீபோர்டில் இருந்தது. சீக்வென்ஸ் பற்றி நீங்கள் எழுதியதை அப்போதுதான் மேலே போய்ப் படித்தேன். ஓன்ட் பை மாற்றிவிட்டு மறுபடி டிராப் போட்டேன். நான்கு வினாடி. டிஸ்க் வரைபடம் கிணற்றில் கல் போட்டதுபோல் கீழே போனது.

பழைய_டிபிஏ:

கேஸ்கேட் போட்டிருந்தால் சீக்வென்ஸும் புது டேபிளில் ஐடியைத் தானாக நிரப்பும் டிஃபால்ட்டும் சேர்ந்தே போயிருக்கும். அடுத்த வினாடியில் வரும் இன்சர்ட் எல்லாம் நல் ஐடியோடு மோதும். சரி, 3 டெராபைட் டிஸ்க்கை இனி என்ன செய்வீர்கள்?

குறுமிளகு:

குறைக்க முடியாதாம். கிளவுடில் கூட்டத்தான் பொத்தான் இருக்கிறது.